குழாயின் மறுமுனை

“சாவியை எடுத்தாலும் வண்டி ஒரு நிமிஷம் ஓடிட்டுத்தான் நிக்குது. அதுக்குத்தானே நீங்க சொல்லி அந்தப் பெட்டியை மாட்டினோம்? அப்புறம் எப்படி டாக்டரம்மா மறுபடியும் அதே வியாதி வரும்?”

“அதே வியாதின்னு நான் இன்னும் சொல்லலை.”

“விசில் அடிக்குது, மேட்டுல ஏற மாட்டேங்குது, பின்னாடி எண்ணெய்ப் புகை விடுது. போன தடவையும் இந்த மூணைத்தான் எழுதிக் கொடுத்தீங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன்.”

“காய்ச்சல்னா எல்லாருக்கும் உடம்பு சுடத்தான் செய்யும். எதனால காய்ச்சல்னு பார்க்கணும்ல.”

கேட்டவர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பாளர். கையில் இருந்த கோப்பை விசிறி போல ஆட்டிக்கொண்டு பட்டறையின் நடுவில் நின்றார். பதில் சொன்னவள் காரின் முன்மூடியைத் திறந்து இடுப்புவரை உள்ளே கவிழ்ந்திருந்தாள். காதில் ஸ்டெதாஸ்கோப். மருத்துவர்கள் கழுத்தில் தொங்குவது போன்றதுதான். நுனியில் வில்லைக்குப் பதிலாக ஒரு நீளமான இரும்புக் கம்பி. அந்தக் கம்பியை இயந்திரத்தின் எந்த உறுப்பின் மேல் வைத்தாலும் அந்த உறுப்பின் சத்தம் மட்டும் தனியாகப் பிரிந்து காதுக்கு வரும். அதனால்தான் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். நிஜ டாக்டர்கள் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேலியாகத் தொடங்கியது, கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

“போன தடவை டிரைவரோட பழக்கம்னு எழுதினீங்க,” என்றார் பொறுப்பாளர். “ஆளை மாத்தினோம். பெட்டியும் மாட்டினோம். ஏழே வாரம். இப்ப ஓட்டினது அவர் இல்லையே.”

அவள் நிமிர்ந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்.”

“எதுவா இருந்தாலும் எழுத்துல வேணும்மா. போன தடவை மாதிரி.”

அவர் போன பிறகும் அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் பட்டறைக்குள்ளேயே நின்றன.

போன தடவை அவள் எழுதிய தாளில் இருந்த டிரைவர் அவளுடைய கொழுந்தன். கணவனுக்கு ஒரே தம்பி. ஒன்பது வருடம் அந்த வண்டியை ஓட்டியவன். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை மலைமேல் ஏறி, அங்கங்கே இருக்கிற சின்ன மருத்துவமனைகளில் இரத்தக் குழல்களை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு இறங்குவான். கூட வேலை பார்த்த டிரைவர்கள் அவனைச் சீப்பு என்பார்கள். எங்கே போய் நின்றாலும் இறங்குவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகத் தலை வாருவான். வாருவதற்கு மேலே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. “இருக்கிற நாலு முடிக்கு இவ்வளவு மரியாதையா?” என்பார்கள். “நாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும்,” என்பான் அவன்.

வண்டியில் முதலில் இருந்த டர்போ வயதாகித்தான் போனது. அதில் யாருக்கும் குறையில்லை. அவள் புதியது ஒன்று மாட்டினாள். நான்கே மாதத்தில் அதுவும் போனது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே அச்சு கருத்துப் பொரிந்திருந்தது.

டர்போ என்பது ஒரே அச்சில் இரண்டு சின்னச் சக்கரங்கள். ஒன்றை வெளியே போகிற புகை சுற்றும்; அந்தச் சுற்றில் மற்றொன்று காற்றை அள்ளி இயந்திரத்துக்குள் திணிக்கும். எலுமிச்சம்பழ அளவுள்ள அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிறது. அவ்வளவு வேகத்தில் சுற்றுகிற அச்சு இரும்பைத் தொடுவதே இல்லை. தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. இதை முதலில் தெரிந்துகொண்ட நாளில் அவளுக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பே ஓடவில்லை. இத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு பொருள் எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருக்கிறதே என்று. எண்ணெய் சில நொடி வராமல் போனால் போதும், மிதப்பது விழுந்துவிடும், விழுந்தால் வெந்துவிடும்.

எண்ணெய் ஏன் வராமல் போகும்? குழாய் அடைத்திருக்கலாம். அல்லது மேட்டில் ஏறி வந்த சூட்டோடு டிரைவர் சட்டென்று வண்டியை அணைக்கலாம். இயந்திரம் நின்றதும் எண்ணெய் நின்றுவிடும், சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். குழாயை ஊதிப் பார்த்தாள். காற்று தாராளமாகப் போனது. எண்ணெயை ஒரு குவளையில் பிடித்துப் பார்த்தாள். ஒழுங்காக வந்தது. ஆகவே எழுதினாள்: “சூடான இயந்திரத்தை உடனுக்குடன் அணைக்கும் ஓட்டுநரின் பழக்கமே காரணம்.”

அந்த வாக்கியத்தில் ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்க முடியும். வேறு டிரைவராக இருந்திருந்தால் சேர்த்துமிருப்பாள். கொழுந்தன் என்பதால்தான் சேர்க்கவில்லை. சொந்தக்காரனுக்காக இழுத்து மூடினாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று நினைத்தாள். கணவன் தாளைப் படித்துவிட்டு, “அவன் அப்படி அணைக்கிறவன் இல்லையே” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். “உங்க தம்பின்னு நான் பார்க்க முடியாதுங்க” என்று அவள் சொன்னதற்கு அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொறுப்பாளர் அதைக் காலைக் கூட்டத்தில், ஆறு டிரைவர்களையும் நிற்கவைத்து, உரக்கப் படித்துக் காட்டினார். மறுநாளிலிருந்து கொழுந்தன் சாமான் அறையில் உட்கார்ந்து காலிக் குழல்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றபடி அண்ணனிடம் பேசிவிட்டுப் போய்விடுவான். அவளைப் பார்த்தால் “நல்லா இருக்கீங்களா அண்ணி?” என்பான். அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பெல்லாம் அவன் அப்படிக் கேட்டதே இல்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். கணினியை வண்டியில் செருகினால் ‘காற்றழுத்தம் குறைவு’ என்று வரும். அதை வைத்துக்கொண்டே பாதிப் பட்டறைகளில் டர்போவைக் கழற்றி வீசிவிடுவார்கள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. காற்றுக் குழாய்களுக்குள் புகையை விட்டு எங்காவது கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. டர்போவின் பக்கத்தில் இருக்கிற சின்னத் தண்டு ஏறி இறங்குகிறதா என்று கைப்பம்பை வைத்து இழுத்துப் பார்த்தாள். வெண்ணெய் போல ஏறி இறங்கியது. கடைசியில் டர்போவின் வாயைத் திறந்து, சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாள். அசையக்கூடாத திசையில் ஆடியது. டர்போவைக் கழற்றி உள்ளே இருந்த அச்சை வெளியே எடுத்தாள்.

“என்ன டாக்டரே, உயிர் இருக்கா?” என்றான் கணவன். அவன் இன்னொரு வண்டியின் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

“போயிடுச்சுங்க. அதே மாதிரிதான். வெந்து போயிருக்கு.”

அவன் உருண்டு வெளியே வந்தான். இரண்டு பேரும் அந்தக் கருத்த அச்சைப் பார்த்தார்கள். சாவியை எடுத்த பிறகும் ஒரு நிமிஷம் ஓடவைக்கிற பெட்டி மாட்டிய வண்டி, புது டிரைவர். பழக்கத்தின் மேல் பழி போட இனி வழியில்லை.

“எண்ணெய் வரலை,” என்றாள். “குழாயை முழுசாக் கழற்றிப் பார்க்கணும்.”

“போன தடவை பார்த்தியே?”

“ஒரு முனையைத்தான் கழற்றினேன். இந்த முனையை.”

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவருகிற குழாய் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அதன் ஒரு முனை டர்போவின் மேல், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மறுமுனை இயந்திரத்தின் முதுகுப் பக்கம், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் விழுந்த காசு மாதிரி, பார்வைக்கும் எட்டாது கைக்கும் எட்டாது. அங்கே போவதற்கு நாலு சாமானைக் கழற்ற வேண்டும். போன தடவை அவள் அதைச் செய்யவில்லை. முன்முனையைக் கழற்றி, அதற்குள் காற்றை ஊதி, பின்பக்கம் ஸ்டெதாஸ்கோப் கம்பியை வைத்துக் கேட்டாள். காற்று தடையில்லாமல் ஓடிய சத்தம் வந்தது. காது சொன்னதை அவள் நம்பினாள். அவளுடைய காதை ஊரே நம்பும்போது அவள் நம்பாமல் எப்படி?

கணவன் கை நீளம். சாமான்களைக் கழற்றி, தோள்வரை உள்ளே விட்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, குழாயை முழுதாக வெளியே எடுத்துக் கொடுத்தான். அவள் முதலில் டர்போ முனையில் வாய் வைத்து ஊதினாள். காற்று சுகமாகப் போனது. திருப்பிப் பிடித்து மறுமுனையில் ஊதினாள். மெதுவாக ஊதியபோது போனது. பலமாக ஊதியபோது கன்னம்தான் உப்பியது.

அவள் மறுபடியும் ஊதினாள். மறுபடியும் கன்னம்.

“உள்ள கதவு இருக்குங்க,” என்றாள்.

மறுமுனைக்குப் பக்கத்தில் இருந்த வளைவை இரும்பு ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே, சுவரில் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் தொங்கிக்கொண்டு, நகத்தளவு நாக்கு ஒன்று இருந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. மூட்டுகளில் கசிவு வராமல் இருக்கத் தடவுகிற பசை. யாரோ அளவுக்கு மீறித் தடவி, மூட்டை இறுக்கியபோது உள்ளே பிதுங்கி, அப்படியே காய்ந்திருக்கிறது. டர்போ பக்கமிருந்து ஊதினால் நாக்கு விலகி வழிவிடும். எண்ணெய் வருவதோ மறுபக்கத்திலிருந்து. மெதுவாக வந்தால் ஓரமாகப் போகவிடும். குவளையில் பிடித்தபோது அப்படித்தான் வந்திருக்கிறது. மேட்டில் வேகம் எடுத்து எண்ணெய் பாய்ந்து வருகிற நேரமாகப் பார்த்து, நாக்கு மடிந்து வழியை அடைத்துவிடும்.

“அந்த முனை எப்பவும் நான்தானே மாட்டுவேன்,” என்றான் கணவன்.

அவளுக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமாகவே வெளியே வந்தது. “எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பாதீங்கன்னு. கடுகளவு போதும்னு சொன்னா, உங்களுக்கு மனசே கேக்காது.”

அவன் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து. “எழுதிடு,” என்றான். “என் பேரைப் போட்டே எழுதிடு. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவள் அந்தப் பசை நாக்கைக் குறட்டால் பிடுங்கிக் கிண்ணத்துப் பெட்ரோலில் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தாள். அது ஒரு வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டியில் கசிவு வந்து, நீயா நானா என்று வீடுவரை சண்டை போனபோது, அவள்தான் ஏற்பாடு செய்தாள்: இனி அவருக்குச் சிவப்புப் பசை, எனக்கு நீலப் பசை. யார் வேலை என்று நிறமே சொல்லிவிடும், வாய் வலிக்காது. அன்றிலிருந்து இன்றுவரை வந்த ஏழெட்டுக் கசிவிலும் சிவப்பே வந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் சல்யூட் அடித்து ஒத்துக்கொள்வான்.

கறுப்பு கரைந்து, பெட்ரோலுக்கு அடியில் நீலம் தெரிந்தது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கணவன் திரும்பவில்லை. அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீலம் சின்னதாக, அழகாக, குளத்தில் விழுந்த பூவிதழ் மாதிரி கிடந்தது. கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்க்க ஒரு நொடி போதும். ஒத்துக்கொள்ள ஒரு ஆள் ஏற்கெனவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. அன்று அவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. கன்னம் இட்டிலி மாதிரி வீங்கி வீட்டில் படுத்திருந்தான். வண்டி மறுநாள் மலைக்குப் போக வேண்டும். அவள் இயந்திரத்தின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, ஒரு கையை மட்டும் பின்னால் விட்டு அந்த மூட்டை மாட்டினாள். கண்ணுக்குத் தெரியாத இடம். விரல் சொல்வதுதான் கணக்கு. புது டர்போவோடு வந்த தகட்டுவளையம் கிழிந்திருந்தது. அதற்குப் பதில் பசை. தெரியாத இடத்தில் கசிந்துவிடப் போகிறதே என்று கொஞ்சம் கூடவே வைத்தாள்.

“ஏங்க,” என்றாள். “இங்க வாங்க.”

அவன் வந்து கிண்ணத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு நாக்கால் தன் கடைவாயில் பல் இல்லாத இடத்தைத் தொட்டுக்கொண்டான். அவனுக்கும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

“நீலம்,” என்றான்.

“நீலம்தான்.”

“என் பேர்லயே இருக்கட்டும். என் கணக்குல ஏற்கெனவே எட்டு இருக்கு, ஒன்பதா போகட்டும். உன் காதை நம்பித்தான் இங்க வண்டி வருது.”

“நிறம் பிரிச்சது நான்.”

“சிவப்பைக் கொஞ்சம் தடவிட்டாப் போச்சு,” என்றான். பாதி சிரிப்பும் பாதி நிஜமும். அவள் சிரிக்கவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு புதுக் குழாய்க்குச் சொல்லிவிட உள்ளே போனான்.

அவள் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில், எண்ணெய்க் குழாயில் அடைப்பு காணப்பட்டது என்று எழுதினாள். அதைப் படித்தால் வானத்திலிருந்து அடைப்பு விழுந்தது போல இருந்தது. கசக்கிப் போட்டாள். இரண்டாவது தாளில் எழுதினாள்: “முதல் டர்போவை மாற்றியபோது நான் அதிகமாகத் தடவிய பசை உள்ளே பிதுங்கி எண்ணெயைத் தடுத்திருக்கிறது. அடுத்து வந்த இரண்டு டர்போக்களும் இதனால்தான் பழுதாகின. இதைச் சென்ற முறையே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். குழாயைத் தவறான பக்கத்திலிருந்து சோதித்தேன். ஓட்டுநரின் பழக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.” ‘இருக்கலாம்’ எங்கேயும் இல்லை.

பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறபோது மதிய வெயில் தணிந்திருந்தது. பொறுப்பாளரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். நடைபாதையின் கடைசியில் சாமான் அறை. பாதிக்கதவுக்கு மேல் ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் கொழுந்தன் குழல்களைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நல்லா இருக்கீங்களா அண்ணி?”

அவள் பதிலுக்குக் கவரைப் பிரித்துத் தாளைப் பலகையில் வைத்தாள். அதன் மேல் பறக்காமல் இருக்க அறுத்த குழாயையும், ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் நீல நாக்கையும் வைத்தாள்.

“உன்கிட்ட முதல்ல காட்டணும்னு தோணுச்சு.”

அவன் படித்தான். விரலை வைத்து, வரிவரியாக. பிறகு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “நீலம் உங்களுதுதானே?”

“ஆமா.”

“அண்ணனுக்கு இன்னைக்கு நல்ல சாப்பாடு போடுங்க. மனுஷன் முதல் தடவையா ஜெயிச்சிருக்காரு.” சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது.

“நீ ஏன் அன்னைக்கு எங்கிட்ட வந்து சண்டை போடலை?” என்றாள். “அப்படியெல்லாம் நான் அணைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே.”

“கூட்டத்துல சொன்னேன். நின்னதும் ஒரு நிமிஷம் தலை வாருவேன், அப்புறம்தான் அணைப்பேன்னு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.” அவன் சட்டைப் பையைத் தொட்டான். அங்கே ஒன்றும் இல்லை. “அந்த வண்டியை நான் முதல்ல ஓட்ட வாங்கினப்ப நீங்கதான் சொன்னீங்க அண்ணி. நின்னதும் அறுபது எண்ணு, அப்புறம் சாவியைத் திருப்புன்னு. எனக்கு எண்ண வரலை. நாப்பதுல வேற நினைப்பு வந்துடும். அதான் சீப்பு வாங்கினேன். வாரி முடிச்சா சரியா ஒரு நிமிஷம். அப்ப முடி நிறைய இருந்துச்சு.”

ஒன்பது வருடமாக அவளும் அந்தச் சீப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

“பொறுப்பாளர்கிட்ட நானே கொடுத்து, நானே பேசறேன்,” என்றாள். “நாளையிலிருந்து உன்னை மறுபடியும் வண்டிக்கு அனுப்பச் சொல்றேன். சத்தமில்லாம முடிச்சுடலாம்.”

அவன் தாளை மடித்தான். மடித்த தாளைக் கவருக்குள் போட்டு, கவரை அவள் பக்கம் நகர்த்தினான். குழாயையும் நகர்த்தினான்.

“அவர் இதை வாங்கிப் படிச்சுட்டு, மேசைக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாரு அண்ணி. அவரைக் குத்தம் சொல்லலை, அவர் அப்படித்தான். ஆனா அன்னைக்கு ஆறு பேரு நின்னாங்க. நானும் நின்னேன். ஒவ்வொரு வார்த்தையா படிச்சாங்க.” அவன் ஒரு குழலை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்த வரிசையில் மறுபடியும் நேராக வைத்தான். “நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அதே ரூம்ல எல்லாரும் இருப்பாங்க. நீங்க வந்து, அவங்க முன்னாடி நின்னு, இதை நீங்களே படிக்கிறீங்களா?”